ஐந்து அங்குலம் குறைகிறது

ஜூலை 3, புதன்

இரண்டாம் வருடம் தொடங்கி மூன்று நாள் ஆகிறது. முதல் வருடத்தில் கட்டடக்கலை மாணவர்கள் கம்ப்யூட்டரைத் தொடவே கூடாது என்பது எங்கள் கல்லூரியின் சட்டம். வருடம் முழுக்கப் பென்சிலும் ரப்பரும்தான். இன்று லேப் பொறுப்பாளர் தனசேகரன் சார் வகுப்புக்கு வந்து அந்தத் தடையை நீக்கினார். எல்லோரும் கை தட்டினோம். அவசரப்பட்டுவிட்டோம்.

கம்ப்யூட்டரில் வீடு வரைய ஆட்டோகேட், ஸ்கெட்ச்அப், ரெவிட் என்று மூன்று மென்பொருள், மூன்று பிரிவு. ஒருவருக்கு ஒன்றுதான். சேர்ந்த பிறகு வருடம் முடியும்வரை மாற முடியாது. எது வேண்டும் என்று 24ஆம் தேதிக்குள் படிவம் நிரப்பித் தர வேண்டும். அதோடு அந்த மென்பொருளில் அவரவர் சொந்த வீட்டைச் சரியான அளவோடு வரைந்து தர வேண்டும்.

"அளவு தப்பான வீட்டைத் தூக்கிக்கிட்டு யாரும் என் லேபுக்குள்ள வர வேணாம். அவங்க ஃபர்ஸ்ட் இயரோட உட்காந்து திரும்பக் கையால வரையலாம். நான் தடுக்க மாட்டேன்" என்றார்.

சொல்லும்போது என்னைத்தான் பார்த்தார். போன வருடம் வரைபடத் தாளில் நான் இரண்டு மதிப்பெண்ணில் தப்பித்தவள். என் கோடுகளைப் பார்த்து, "இது கோடா, கயிறா?" என்று கேட்டவரும் அவரே. ஜூனியர்களோடு உட்கார்வதை நினைத்தாலே காது சுடுகிறது. அந்தக் கூட்டத்தில் என் பெயரைக் கேட்டதும் சிரிக்கப் போகிறவர்கள் அறுபது பேர். இசக்கிராணி என்ற பெயருக்கு மதுரையில் அந்த அளவு மரியாதைதான்.

ஜூலை 4, வியாழன்

எங்கள் கல்லூரியில் பிறந்த குடும்பம் ஒன்று, ரோல் நம்பர் குடும்பம் ஒன்று. ஒவ்வொரு வருடத்திலும் ஒரே எண் கொண்டவர்கள் ஒரே வம்சம். நான் 31. எனக்கு மேலே நான்காம் வருடத்தில் 31, பிரிசில்லா அக்கா. அக்காவின் டிராயிங் போர்டுதான் இப்போது என்னுடையது. மூலையில் காபிக் கறையும் சேர்ந்தே வந்தது.

அக்கா மெஸ்ஸில் என் தட்டுக்கு எதிரே வந்து உட்கார்ந்தார்.

"ரெவிட் எடு. 31 எல்லாம் ரெவிட்தான். நம்ம லைன்ல யாரும் ஸ்கெட்ச்அப் பக்கம் போனதில்ல."

"என் லேப்டாப் தாங்காதுக்கா."

"தாங்கலன்னா என் சிஸ்டத்துல பண்ணு. குடும்பப் பேரைக் கெடுத்துடாத."

அறைத்தோழி நஸ்ரினிடம் கேட்டேன். உத்தமபாளையத்துக்காரி, எதையும் ஒரே வாக்கியத்தில் முடிப்பவள். "எந்த ஆபீஸுக்குப் போனாலும் ஆட்டோகேட்தான் கேப்பாங்க, பேசாம தூங்கு" என்றாள்.

நான் மூன்றையும் முயன்று பார்த்துவிட்டு முடிவெடுப்பதாக இருக்கிறேன். மாமா மகன் கொடுத்த பழைய லேப்டாப் ஒரு நேரத்தில் ஒரு மென்பொருளைத்தான் தாங்கும். ஒன்றை ஏற்றி, பார்த்து, இறக்கி, அடுத்ததை ஏற்ற வேண்டும். பெண் பார்க்கும் படலம் மாதிரிதான், சொஜ்ஜி மட்டும் கிடையாது.

ஜூலை 5, வெள்ளி

வீட்டின் அளவு வேண்டும் என்று அம்மாவுக்கு போன் செய்தேன். போன வருடம் வரைந்த தாளை எலி கடித்துவிட்டது. அதை வைத்து வரைவதும் ஆபத்து. அது பாதி ஞாபகத்தில் வரைந்தது.

அம்மா ஏனோ இழுத்தாள்.

"வீட்ட எதுக்குட்டி அளக்கணும்? வீடு எங்கயும் போகல, இங்கனதான் இருக்கு."

"எம்மா, ஹால், பெட்ரூம், அடுக்களை. மூணே மூணு. செல்வி அத்தைகிட்ட இஞ்சு டேப்பு இருக்கும்லா?"

"பாக்கேன், பாக்கேன். அப்பா வரட்டும்."

வீடியோவில் வந்தால் நானே சொல்லித் தருகிறேன் என்றேன். நெட்டு இல்லை என்றாள். அடுத்த நிமிடம் பக்கத்து வீட்டுச் செல்வி அத்தையின் நாய்க்குட்டி வீடியோ ஒன்று அவளிடமிருந்து வந்தது.

போன மாதம் நான் கிளம்பிய அன்றும் இப்படித்தான். பஸ்ஸுக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருக்கும்போதே அப்பா என்னை அம்பாசமுத்திரம் பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிட்டுவிட்டார். அவருடைய லோடு ஆட்டோவின் பின்னால் தார்ப்பாய் போட்டு இறுக்கிக் கட்டியிருந்தது. என்ன ஏற்றியிருக்கிறீர்கள் என்றதற்கு வாழைத்தார் என்றார். வாழைத்தாருக்கு யார் தார்ப்பாய் போடுகிறார்கள்? வயதாகிறது போல.

ஜூலை 7, ஞாயிறு

அளவு வந்துவிட்டது. குரல் பதிவில் அம்மா ஒப்பித்தாள். பின்னால் அப்பா எடுத்துக் கொடுக்கும் சத்தமும் கேட்டது.

பெட்ரூம் எட்டடி. அடுக்களை ஏழடி எட்டு அங்குலம். இரண்டுக்கும் நடுவில் ஒன்பது அங்குலச் சுவர். முன்னால் ஹால், நீளம் பதினாறு அடி, "சுத்தமா பதினாறு". அகலம் பத்தடி. ஜன்னல் கிழக்குக் கடைசியில் ஒன்று. வாசல் எதிர்வீட்டு மதிலைப் பார்த்து.

அந்த ஜன்னலை அளக்கவே வேண்டாம், எனக்கு மனப்பாடம். அம்மா அதன் கீழே கால் நீட்டி உட்கார்ந்து, மடியில் சொளவை, அதாவது முறத்தை, வைத்து பீடி சுற்றுவாள். பக்கத்தில் நான் குப்புறப் படுத்து வரைவேன். தாளின் மேல் புகையிலைத் தூள் விழும். தனசேகரன் சார் ஒருமுறை அதை ஊதித் தள்ளிவிட்டுத் தும்மினார்.

இப்போதெல்லாம் அம்மா செல்வி அத்தை வீட்டில் போய்த்தான் சுற்றுகிறாளாம். பேச்சுத் துணைக்காம். இருபது வருடமாக இல்லாத பேச்சுத் துணை இப்போது எதற்கு என்று தெரியவில்லை. நான் இல்லாமல் வீடு வெறிச்சோடிக் கிடக்கிறது போலிருக்கிறது. கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

ஜூலை 8, திங்கள்

முதலில் ஸ்கெட்ச்அப். பார்த்ததும் பிடித்துவிட்டது. புதிதாகத் திறந்தால் ஒரு மனித உருவம் தயாராக நிற்கிறது, வீட்டைக் கட்டு, குடிவருகிறேன் என்பது போல. கோடு இழுக்க, சுவரை மேலே தூக்க, எல்லாம் பத்தே நிமிடத்தில் கைவந்தது.

ஆனால் ஹாலுக்குத் தரை வரவில்லை. நாலு பக்கமும் கோடு போட்டு மூடினால் நடுவில் தானாகத் தரை நிரம்ப வேண்டும். பெட்ரூம் நிரம்பியது, அடுக்களை நிரம்பியது. ஹால் மட்டும் ஓட்டையாக இருக்கிறது. ஆறு தடவை அழித்து வரைந்தேன்.

ஜூலை 9, செவ்வாய்

நிரம்பவில்லை.

ஜூலை 11, வியாழன்

டேப்பில்தான் தப்பு என்று முடிவு செய்தேன். செல்வி அத்தை ஜாக்கெட் தைக்கும் டேப்பு அது, முனை தேய்ந்திருக்கும். அம்மாவிடம் சொன்னதும் அவளுக்குக் கோபம் வந்துவிட்டது.

"ரெண்டு தடவ அளந்தாச்சுட்டி. பத்தும் ஆறும் பதினாறு. ஒனக்கு கூட்டத் தெரியாதா?"

"அது என்ன பத்தும் ஆறும்? ஹால ஒரே இழுப்பா அளக்க வேண்டியதான?"

போனுக்குள் அப்பா ஏதோ முணுமுணுத்தார். பிறகு, "டேப்பு நீளம் பத்தல" என்றாள்.

அதற்குள் அப்பா போனை வாங்கிக்கொண்டார். சும்மா கேட்பதாகச் சொல்லி ஒன்று கேட்டார்: உங்கள் படிப்புக்கு வரைகிற மேசை எவ்வளவு நீளம், எவ்வளவு அகலம் வேண்டும்? யாரோ சினேகிதர் மகளுக்காம். நாலடிக்கு மூன்றடி, உயரம் இரண்டரை என்றேன். எழுதிக்கொண்டார். அந்தச் சினேகிதர் மகள் கொடுத்து வைத்தவள். நான் ஒரு வருடமாகத் தரையில் படுத்து வரைகிறேன், என்னை யாரும் கேட்கவில்லை.

ஜூலை 13, சனி

ஸ்கெட்ச்அப்பை இறக்கிவிட்டு ஆட்டோகேட் ஏற்றினேன். கறுப்புத் திரை. மனித உருவம் கிடையாது, வரவேற்பு கிடையாது. கட்டளையைத் தட்டச்சு செய்தால் செய்யும், செய்யாவிட்டால் சும்மா இருக்கும். நஸ்ரினின் குணம் அப்படியே.

ஆனால் பொய் சொல்லாது. ஹாலின் மேல்பக்கக் கோட்டையும் கீழ்ப்பக்கக் கோட்டையும் போட்டுவிட்டுப் பெரிதாக்கிப் பார்த்தேன். கிழக்கு மூலையில் ஒரு இடைவெளி. அளந்தேன். ஐந்து அங்குலம். கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

பின்னால் எட்டடி, சுவர் ஒன்பது அங்குலம், ஏழடி எட்டு. மொத்தம் பதினாறடி ஐந்து அங்குலம். முன்னால் ஹால் பதினாறு அடிதான். ஒரே வீடு பின்னால் நீளமாகவும் முன்னால் குட்டையாகவும் எப்படி இருக்கும்?

போன வருடம் பென்சிலில் வரைந்தபோது இது ஏன் தெரியவில்லை என்று யோசித்தேன். என் கயிற்றுக் கோடு ஒன்றின் கனத்துக்குள் ஐந்து அங்குலம் என்ன, ஒரு அலமாரியே ஒளிந்துகொள்ளும்.

ஜூலை 14, ஞாயிறு

"இழுத்து ஒட்டிடு, யாரு உங்க ஊருக்கு வந்து அளக்கப் போறா" என்றாள் நஸ்ரின்.

ஒட்டினேன். ஒரே கட்டளை, மூலை மூடிக்கொண்டது. பார்க்க அவ்வளவு அழகு. மூன்று மணி நேரம் மகிழ்ச்சியாக இருந்தேன். துணி துவைத்தேன், தலைக்கு எண்ணெய் வைத்தேன். பிறகு திரும்ப வந்து, ஒட்டியதைப் பிரித்துவிட்டேன். சாருக்குப் பயந்து இல்லை. என் வீடு எவ்வளவு என்று எனக்கே தெரியாமல் ஊரார் வீட்டை எப்படிக் கட்டுவேன்? எரிச்சலாக இருக்கிறது.

ஜூலை 17, புதன்

ஆடி ஒன்று. மெஸ்ஸில் பாயசம் என்ற பெயரில் ஒன்று ஊற்றினார்கள்.

அம்மா போனில், "நல்லவேள, ஆடிக்கு முந்தியே முடிஞ்சிட்டு" என்றாள்.

எது முடிந்தது என்றேன்.

"பல்லு வலி."

நஸ்ரின் ஆட்டோகேட் பிரிவுக்குப் படிவம் கொடுத்துவிட்டாள். இன்னும் ஏழு நாள் இருக்கிறது. என்னிடம் மூடாத ஹால் ஒன்று இருக்கிறது.

ஜூலை 18, வியாழன்

பிரிசில்லா அக்காவின் கம்ப்யூட்டரில் ரெவிட். இதற்குக் கோடு என்றால் என்னவென்றே தெரியாது. இதற்கு எல்லாம் சுவர்தான். ஒரு சுவரைப் போடப் போனால் நூறு கேள்வி கேட்கிறது. செங்கல்லா? எத்தனை அங்குலம்? உள்பக்கம் பூச்சு எவ்வளவு, வெளிப்பக்கம் எவ்வளவு? சம்பந்தி வீட்டார் விசாரிப்பது போல.

"வெளிச்சுவர் ஒன்பது அங்குலம். உள்ள தடுப்புக்கு அரைக்கல் சுவர், நாலரை" என்று அக்கா சொல்லிக்கொண்டே எண்களைத் தட்டினார். "பூச்சு ஒரு பக்கத்துக்கு அரை அங்குலம். ரெண்டு பக்கமும் பூசினா மொத்தம் அஞ்சரை."

"ஒரு பக்கம் மட்டும் பூசினாக்கா?"

"அஞ்சு. ஆனா ஒரு பக்கம் மட்டும் எவன் பூசுவான்?"

என்னால் உட்கார முடியவில்லை. எழுந்து ஜன்னலுக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தேன்.

பத்தும் ஆறும் பதினாறு. ஒரே இழுப்பாக அளக்கவில்லை. ஏனென்றால் ஒரே இழுப்பாக அளக்க முடியாது, நடுவில் ஏதோ நிற்கிறது. அம்மா இந்தப் பக்கம் பத்தடி அளந்திருக்கிறாள், அந்தப் பக்கம் ஆறடி அளந்திருக்கிறாள். இரண்டையும் கூட்டியிருக்கிறாள். நடுவில் நிற்கிற சுவரின் கனத்தைக் கூட்டவில்லை. பீடியை எண்ணி எண்ணிக் கட்டுகிறவள், கணக்கில் கெட்டிக்காரி. சுவருக்கும் கனம் உண்டு என்பதுதான் அவளுக்குத் தோன்றவில்லை.

தார்ப்பாய்க்குக் கீழே இருந்தது செங்கல். மேசை கேட்டது சினேகிதர் மகளுக்கு இல்லை. எனக்கு ஒரு அறை கட்டியிருக்கிறார்கள்.

அக்காவின் கம்ப்யூட்டர் முன்னாலேயே அழுதேன். சிரிப்பும் சேர்ந்து வந்ததால் பார்க்கச் சகிக்காமல் இருந்திருக்கும். "ரெவிட் அவ்வளவு கஷ்டமாவா இருக்கு?" என்று அக்கா பயந்துவிட்டார்.

ஜூலை 19, வெள்ளி

நேற்று தூக்கம் வரும்வரை எனக்கு ஒரே கொண்டாட்டம். காலையில் எழுந்ததும் ஸ்கெட்ச்அப்பைத் திரும்ப ஏற்றினேன். ஹாலில் மேற்கிலிருந்து பத்தடி தள்ளி ஐந்து அங்குலச் சுவர் ஒன்றை நிறுத்தினேன். டப்பென்று இரண்டு பக்கமும் தரை நிரம்பிவிட்டது. அப்படி ஒரு நிம்மதி.

சும்மா விளையாட்டுக்கு வெயிலைப் போட்டுப் பார்த்தேன். ஸ்கெட்ச்அப்பில் ஊரைச் சொல்லி, தேதியையும் மணியையும் வைத்தால் வெயில் எங்கே விழும் என்று காட்டும். காலை ஒன்பது மணி. கிழக்கு ஜன்னல் வழியாக என் அறை முழுக்க வெயில். ஹாலில் ஒன்றுமில்லை. பத்து மணி, பதினொன்று, ஒன்றுமில்லை. வாசலை எதிர்வீட்டு மதில் மறைக்கிறது, வெளிச்சத்துக்கு இருப்பது அந்த ஒரு ஜன்னல். அது இப்போது என் அறைக்குள் இருக்கிறது.

பேச்சுத் துணைக்கு ஒன்றும் அம்மா செல்வி அத்தை வீட்டுக்குப் போகவில்லை. வெளிச்சத்துக்குப் போகிறாள். நான் அதைப் பெருமையாக வேறு எழுதி வைத்திருக்கிறேன். அந்தப் பக்கத்தைக் கிழித்துப் போடலாமா என்று பார்த்தேன். கிடக்கட்டும்.

நாளை ஊருக்குப் போகிறேன்.

ஜூலை 20, சனி

பதினொரு மணிக்கு வீட்டுக்குள் நுழைந்தேன். ஹாலில் டியூப்லைட் எரிந்துகொண்டிருந்தது. அம்மா அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"ஏட்டி, சொல்லாம கொள்ளாம வந்து நிக்க?"

எனக்குத் தெரியாதது போல நடிக்க வேண்டும் என்று பஸ்ஸிலேயே ஒத்திகை பார்த்திருந்தேன். சுவரைப் பார்த்ததும் நடிப்பு வரவில்லை. ஹால் பக்கம் செங்கல் பூசாமல் அப்படியே தெரிந்தது. கதவைத் திறந்து உள்ளே போனால் வழவழவென்று பூசி, இளம்பச்சைச் சாயம் அடித்து, ஜன்னலோரம் நாலடிக்கு மூன்றடி மேசை. உயரம் சரியாக இரண்டரை. என் பக்கத்தை முதலில் பூசியிருக்கிறார்கள். அம்மா பக்கம் பூசுவதற்குள் ஆடி பிறந்துவிட்டது. இனி ஆவணியில்தான்.

சாப்பாட்டுக்கு அப்பா வந்தார். "எப்படிக் கண்டுபிடிச்ச? செல்வி சொன்னாளா?"

"அஞ்சு அங்குலம் குறைஞ்சுதுப்பா."

அவருக்குப் புரியவில்லை. மீசையைத் தடவிக்கொண்டு மேசையைக் காட்டினார். "நீ குப்புறப் படுத்து வரையுதத எத்தன நாளு பாத்துக்கிட்டு இருக்க? முட்டியெல்லாம் கருத்துப் போச்சுன்னு ஒங்கம்மைதான் சொன்னா."

நன்றாக இருக்கிறது அப்பா என்றேன். பொய் இல்லை. பதினெட்டு வருடத்தில் எனக்கென்று ஒரு கதவு இருப்பது இதுதான் முதல் தடவை. நாலைந்து முறை சாத்தித் திறந்து பார்த்தேன்.

சாப்பிட்டதும் அம்மா சொளவை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு செல்வி அத்தை வீட்டுக்குக் கிளம்பினாள். இந்த அறையிலேயே உட்கார்ந்து சுற்று, நான்தான் இங்கே இருக்கப் போவதில்லையே என்று வழியை மறித்தேன்.

"வேண்டாம்ட்டி. மேசையெல்லாம் தூளாயிரும். படிக்கிற எடத்துல பொகையில வாடை எதுக்கு?"

"எம்மா, நான் அந்த வாடையிலதான பன்னெண்டாவது வரைக்கும் படிச்சேன்."

"அதுவும் போக, பொட்டிக்குள்ள இருந்தா வாசல்ல யாரு வாராவன்னு தெரியாது. அடுப்புல பாலு பொங்குனாலும் தெரியாது. நீ ஒன் வேலயப் பாரு."

போய்விட்டாள். சொன்னால் கேட்கிற ஆள் இல்லை. ஆனால் காட்டினால் பார்ப்பாள்.

ஜூலை 21, ஞாயிறு

காலையில் அம்மாவை லேப்டாப் முன்னால் உட்கார வைத்தேன். ஸ்கெட்ச்அப்பில் எங்கள் வீடு. கூரையைக் கழற்றி வைத்திருந்தேன். அம்மா முதலில் அடுக்களையைத்தான் தேடினாள். "தண்ணித் தொட்டி எங்க?" என்று கேட்டாள். அதையும் வரைந்தேன்.

ஹால் நடுவில் இரண்டு பெட்டியும் ஒரு உருண்டையும் சேர்த்து ஓர் ஆளை உட்கார வைத்திருந்தேன்.

"இது என்னது, கேஸ் சிலிண்டரா?"

"நீதாம்மா."

அப்பா பின்னால் நின்று தொண்டையைச் செருமினார். சிரிப்பை விழுங்குகிறார் என்று அர்த்தம்.

காலை ஒன்பது மணி வெயிலைப் போட்டேன். என் அறை மஞ்சளாக இருந்தது. சிலிண்டர் இருட்டில் உட்கார்ந்திருந்தது. அம்மா மெதுவாகக் கேட்டாள்.

"இதுல அந்தச் சுவத்த எடுத்துப் பாக்க முடியுமா?"

மவுஸை அவள் கையில் கொடுத்து, எதை அமுக்க வேண்டும் என்று சொன்னேன். அமுக்கினாள். சுவர் போய்விட்டது. வெயில் ஹாலுக்குள் ஓடி வந்து சிலிண்டரின் மேல் விழுந்தது. அம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மவுஸை என்னிடம் தள்ளினாள்.

"திருப்பி வை. ஒங்கப்பா ஆசயா கெட்டுனது."

அப்பா ஆட்டோவுக்குக் காற்று பார்க்கப் போகிறேன் என்று வெளியே போனார். ஆட்டோ பக்கம் போகவில்லை, வாசலிலேயே நின்றார். இரண்டு பேருமே என் மேல் உள்ள ஆசையில்தான் இப்படி இருட்டில் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

சுவரைத் திருப்பி வைத்தேன். கதவுக்குப் பக்கத்தில் நாலடி அகலத்துக்கு அதில் ஒரு திறப்பு வெட்டினேன். பாடத்தில் சொல்லித் தந்தபடி தரையிலிருந்து மூன்றடி உயரத்தில். வெயிலைப் போட்டேன். ஹாலுக்குள் ஒரு சொட்டு வரவில்லை.

"நான் நின்னுக்கிட்டா பீடி சுத்துதேன்?" என்றாள் அம்மா. "காலம்பற வெயிலு சரிஞ்சுல்லா விழும். கீழ எறக்கு."

இரண்டடிக்கு இறக்கினேன். இன்னும் என்றாள். தரையிலிருந்து ஒரு அடியில் வைத்தேன். ஒன்பது மணி வெயில் ஜன்னலிலிருந்து சரிந்து, என் அறைத் தரையைத் தாண்டி, திறப்புக்குள் நுழைந்து நேராகச் சிலிண்டரின் மடியில் விழுந்தது.

"ஆங்" என்றாள் அம்மா. அவ்வளவுதான் சொன்னாள்.

அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினோம். நல்லாத்தான் இருக்கு, ஆனால் ஆடியில் சுவரில் கை வைக்கக் கூடாது, ஆவணி பிறக்கட்டும் என்றார்.

"ஆடியில கட்டத்தான் கூடாது" என்றாள் அம்மா. "இடிக்கக் கூடாதுன்னு எந்தப் பஞ்சாங்கத்துல போட்டிருக்கு?"

அப்பா கொத்தனார் சுடலைமுத்து மாமாவுக்குப் போன் போட்டுக் கேட்டார். முப்பது வருடத் தொழிலில் இப்படி ஒரு கேள்வியை யாரும் கேட்டதில்லையாம். இடிப்பதில் தோஷம் இருப்பதாகத் தான் கேள்விப்பட்டதில்லை என்று கடைசியில் தீர்ப்புச் சொன்னார். ஆடியில் வேலை இல்லாமல் சும்மா இருந்ததும் ஒரு காரணமாக இருக்கலாம். பத்து மணிக்கே உளியோடு வந்துவிட்டார்.

நான் சாக்பீஸில் சுவரில் கோடு போட்டுக் கொடுத்தேன். மேலே தாங்குவதற்கு ஒரு கட்டையைச் செருகிவிட்டுத்தான் கீழே கை வைக்க வேண்டும் என்றேன். "சரிங்க இஞ்சினியரம்மா" என்றார். ஆர்க்கிடெக்ட் என்று திருத்தினேன். அதுவும் சரி என்றார்.

கடைசிக் கல்லை எடுத்தபோது மணி பதினொன்று. வெயில் ஏறிவிட்டதால் சிலிண்டரின் மடிவரைக்கும் வரவில்லை. ஆனாலும் அப்பா எழுந்து போய் டியூப்லைட்டை அணைத்தார்.

ஜூலை 23, செவ்வாய்

படிவம் கொடுத்துவிட்டேன். ஸ்கெட்ச்அப்.

பிரிசில்லா அக்காவிடம் முதலில் போய்ச் சொன்னேன். ரெவிட் கேட்ட கேள்வியில்தான் எனக்கு விஷயமே புரிந்தது, அந்த நன்றி என்றும் உண்டு என்றேன். "நன்றி மட்டும் வச்சு நான் என்ன பண்றது" என்றார். ஆனால் என் வரைபடத்தைப் பார்த்துவிட்டு, அடுத்த வருடம் ரெவிட் எடுத்தால் வம்சத்தில் திரும்பச் சேர்த்துக்கொள்வதாகச் சொன்னார்.

தனசேகரன் சார் ஒவ்வொரு அளவாகக் கூட்டிப் பார்த்தார். எட்டடி, ஒன்பது அங்குலம், ஏழடி எட்டு. பத்தடி, ஐந்து அங்குலம், ஆறடி. இரண்டும் பதினாறடி ஐந்து. தலையாட்டினார். பிறகு திறப்பில் விரலை வைத்தார்.

"இது என்ன, இவ்வளவு கீழ?"

"அங்க ஆள் உட்காருவாங்க சார்."

சார் கையெழுத்துப் போட்டார். கயிறு என்று சொல்லவில்லை.

படிவத்தில் 'இந்த மென்பொருளைத் தேர்ந்தெடுத்த காரணம்' என்று நாலு வரிக்கு இடம் விட்டிருந்தார்கள். நஸ்ரின் நாலு வரியும் நிரப்பியிருந்தாள், வேலைவாய்ப்பு, துல்லியம் என்று. நான் ஒரு வரிதான் எழுதினேன். 'அம்மாவால் இதில் சுவரை எடுத்துப் பார்க்க முடிந்தது.'

ஜூலை 31, புதன்

அம்மாவிடமிருந்து குரல் பதிவு. பின்னால் மூன்று நாலு பேர் பேசும் சத்தமும், பீடி இலை வெட்டும் கத்தரிக்கோல் சத்தமும்.

"ஏட்டி இசக்கி, வெளிச்சம் நல்லாருக்குன்னு செல்வி இப்ப இங்க வந்துல்லா சுத்துதா. கூட மேலத்தெரு ரெண்டு பேரையும் கூட்டிக்கிட்டு வந்துட்டா. எனக்குத்தான் எடம் பத்தல. ஒன் கம்ப்யூட்டர்ல அந்தச் சுவத்த ஒன் ரூம் பக்கம் ஒரு ரெண்டடி தள்ள முடியுமான்னு பாரு."

ஆவணி பிறக்கட்டும் என்று பதில் போட்டேன்.